கொக்கிளாயிலிருந்து ஐஸில் வந்தது

எங்கள் ஆய்வுகூடத்திலிருந்து சுற்றுவட்டார வைத்தியசாலைகளுக்கு வெள்ளைப் போத்தல்கள் போகும். சத்திரசிகிச்சையில் வெட்டியெடுக்கும் கட்டிகளை அவற்றில் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ஒவ்வொரு போத்தலிலும் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். "உள்ளே இருக்கும் தண்ணீரை ஊற்ற வேண்டாம். ஐஸில் வைக்க வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்களாம். போன மாதம் அவர்களில் ஒருத்தி எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அன்ரி, வெட்டின கட்டியைக் கொண்டுபோய் ஆரும் ஐஸில வைப்பினமோ? எந்த விசர் இதை எழுதினது?"

"எழுதின விசர் நான்தான். வைச்ச மனிசன் விசரனில்லை" என்றேன்.

பிறகு, கதையைச் சொல்லுங்கோ என்று பிடித்த பிடியில் நின்றாள். தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை. ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் வேலையின் பெயர் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். இதைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் எல்லோருக்கும் நான் "லாப் மிஸ்". அப்பாவும் அம்மாவும் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். வீட்டில் "என்ன சொல்றீங்க", வேலையில் "என்ன சொல்லுறியள்" என்று இரண்டு நாக்கோடு வளர்ந்தவள் நான். கொழும்பில் படித்தேன். விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை. எப்படியோ சித்தியடைந்தேன். எங்கே வேலை வேண்டும் என்று கேட்டபோது வன்னி என்று எழுதிக் கொடுத்தேன். அந்த இடத்துக்குப் போட்டி போட அன்று ஒருவரும் இருக்கவில்லை. பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதை, எடுத்த கணத்திலிருந்தே கெடத் தொடங்கும். அதைத் தடுப்பது போமலின். போத்தலில் இருக்கும் "தண்ணீர்" அதுதான். சதைக்குள் ஊறி, உயிர்க்கலங்களை இருந்தபடியே நிறுத்தி வைக்கும். பிறகு அந்தச் சதையைச் சிறு துண்டுகளாக்கி, நீர் போக்கி, மெழுகில் பதிப்போம். அந்த மெழுகுக் கட்டியை மைக்ரோடோம் என்ற இயந்திரத்தில் பூட்டி, வெங்காயத் தோலை விட மெல்லியதாகச் சீவி, சிலைட் என்ற கண்ணாடித் தட்டில் ஏற்றிச் சாயம் போடுவோம். அதற்குப் பிறகுதான் டொக்டரின் நுணுக்குக்காட்டிக்குப் போகும். தொடக்கத்தில் போமலின் பிழைத்தால் முடிவில் எல்லாம் பிழை. அதன் மணம் மட்டும் பிழைக்காது. நான் ஏறினால் பஸ்ஸில் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகத்தான் இருக்கும். அந்த வகையில் எனக்கு அது வசதி.

எங்கள் நோயியல் நிபுணர் டொக்டர் மதுரா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என்னைவிட நன்றாக வயது குறைந்தவர், ஆனாலும் எனக்கு மேலதிகாரி. என்னை அக்கா என்று கூப்பிட்டே வேலை வாங்குவார். சத்தம் போடத் தெரியாத மனுஷி. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "நல்லது" என்று ஒரு சொல் சொல்வார். அந்த "நல்லது"வைக் கேட்டால் நாங்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவோம்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. சிலைட்டை வைத்ததும் எல்லோரும் கட்டியைத் தேடுவார்கள். அவர் தேடமாட்டார். "அக்கா, நல்ல இடம் எங்க? முதல்ல அதைக் காட்டுங்கோ" என்பார். மார்பகச் சதையென்றால் நோய் தொடாத பால்குழாய் ஒன்று ஓரத்தில் இருக்கும். அதை நிதானமாகப் பார்த்து முடித்த பிறகுதான் கட்டிப் பக்கம் வருவார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. திருடனைப் பிடிக்க வந்த பொலிஸ் பக்கத்து வீட்டில் தேத்தண்ணி குடிப்பதுபோல இருக்கிறதே என்று ஒரு நாள் சொல்லியும் விட்டேன். அவர் சிரித்தார், பழக்கத்தை விடவில்லை.

எதற்காக அப்படிப் பார்த்தார் என்பதைச் சொல்லிவிட்டால் மிச்சக் கதை இலகு. மார்பகப் புற்றுநோயில் பல, ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோனை உண்டு வளர்பவை. அந்தக் கட்டிகளின் கலங்களில் ஈஸ்ட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் வாங்கிகள் இருக்கும். நாங்கள் போடும் ஒரு விசேட சாயம், வாங்கி உள்ள கலத்தின் கருவை மண்ணிறமாக்கும். நோயில்லாத பால்குழாயிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாங்கியுள்ள கலங்கள் இயல்பாகவே இருக்கும். ஆகவே நல்ல குழாய் கொஞ்சமாவது நிறம் பிடிக்க வேண்டும். அதுவே பிடிக்கவில்லை என்றால் சாயமோ சதையோ கெட்டுவிட்டது, அந்தச் சிலைட்டை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது.

எனக்கு ஒரு சந்தேகம் நெடுநாள் இருந்தது. மாதவிடாய் நின்ற பிறகு சூலகம் ஈஸ்ட்ரஜன் செய்வதை விட்டுவிடுகிறது. அப்படியிருக்க, பேரப்பிள்ளை கண்ட பெண்களின் கட்டிகளும் ஏன் இப்படி மண்ணிறமாக மின்னுகின்றன? அவை எதை உண்டு வளர்கின்றன? டொக்டரிடம் கேட்டேன்.

"அது அங்கயே செய்யுது அக்கா" என்றார். "மார்பில இருக்கிற கொழுப்பும், கட்டியைச் சுத்தியிருக்கிற கலங்களும், சில நேரம் கட்டியும்கூட. அரோமடேஸ் எண்டு ஒரு நொதியம். சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பியில இருந்து வாற வேற ஹோர்மோனைப் பிடிச்சு, அந்த இடத்திலயே ஈஸ்ட்ரஜனா மாத்திப்போடும். இரத்தத்தில பாத்தால் கொஞ்சம்தான் காட்டும். கட்டிக்குள்ள பாத்தால் அதைவிடக் கூட இருக்கும்."

அந்த நொதியத்தை அடக்க ஒரு குளிசை இருக்கிறது. தினமும் ஒன்று, பல வருடங்களுக்கு. எங்கள் நாட்டு வைத்தியசாலையில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஆனால் வாங்கி உள்ள கட்டிக்குத்தான் அது உதவும். சிலைட்டில் மண்ணிறம் வந்தால் குளிசை உண்டு, வராவிட்டால் இல்லை. எங்கள் மேசையிலிருந்து போகும் ஒரு சொல்லில் ஒரு பெண்ணின் பிற்கால வருடங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்.

இனி ஐஸ்.

ஒரு நாள் மத்தியானம் கழிந்த நேரம். வெயிலில் கறுத்த ஒரு மனிதர் மீன் ஏற்றும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு ஆய்வுகூட வாசலுக்கு வந்தார். பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மீன் மணம் முன்னே வந்தது. வாசலில் நின்ற எங்கள் சிற்றூழியர், "ஐயா, மீன் விக்கிறதெண்டால் விடுதிப் பக்கம் போங்கோ, இஞ்ச விக்கேலாது" என்றார்.

"மீன் இல்லைத் தம்பி" என்றார் அந்த மனிதர். "இது அக்கா."

பெட்டியை வாங்கித் திறந்தேன். நொறுக்கிய ஐஸ், வெள்ளை வெளேரென்று. அதற்குள் வாய் கட்டிய பொலித்தீன் பை. பைக்குள் ஒரு பெண்ணின் மார்பு. பக்கத்தில் எங்கள் வெள்ளைப் போத்தல், காலியாக, சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து வைத்திருந்தது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. "இதுக்குள்ள இருந்த தண்ணி எங்க?"

"ஊத்திப்போட்டன் மிஸ்."

"ஆர் ஊத்தச் சொன்னது?"

"நான்தான் ஊத்தினனான்."

அவர் பெயர் யோகன். கொக்கிளாயில் கரைவலைக்காரரிடம் மீன் வாங்கி விற்பவர். அவருடைய அக்கா செல்வராணிக்குக் கரையோரப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில் அன்று காலை சத்திரசிகிச்சை. மாதிரி கொண்டுவரும் வாகனம் அன்றைக்கு இல்லை. யாரோ போத்தலை இவர் கையில் கொடுத்து, "பழுதாகாமல் கொண்டுபோங்கோ" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அது போமலின் மிஸ். அந்த மணம் எனக்குத் தெரியும்" என்றார் யோகன். "நாங்கள் மீனுக்கு அதை அடிச்சு விக்கிறம் எண்டு ஊரெல்லாம் கதை பரவி, சந்தையில என்னை அடிக்க வந்தவங்கள். அடிக்காத மருந்துக்கு ஏச்சு வாங்கினவன் நான். அக்காவின்ர சதையை அதுக்குள்ள ஊற விடுறதே? பழுதாகாமல் கொண்டுபோகச் சொன்னவை. பழுதாகாமல் வைக்க எனக்குத் தெரிஞ்சது ஐஸ்தான். நெடுங்கேணியில பஸ் பழுதாகி நிண்டது. அங்கயும் ஓடிப்போய்ப் புது ஐஸ் வாங்கிப் போட்டனான்."

நான் ஏசினேன். எனக்கு நாக்கு நீளம், அது எங்கள் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். படித்தவன் படிக்காதவன் என்றெல்லாம் பார்க்காமல் ஏசினேன். சத்தம் கேட்டு டொக்டர் மதுரா வெளியே வந்தார். பெட்டிக்குள் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் கழற்றவில்லை.

"எவ்வளவு கவனமா கொண்டு வந்திருக்கிறியள் அண்ணை" என்றார். "மீனெண்டால் இதைவிடத் திறமா ஒருத்தரும் கொண்டுவரமாட்டினம். ஆனால் எங்களுக்கு அந்த நாத்தத் தண்ணிதான் வேணும்."

பிறகு மெதுவாக விளங்கப்படுத்தினார். ஐஸ் கெடுதலைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. ஐஸ் நேராகப் பட்ட இடங்களில் கலங்கள் உறைந்து வெடித்தும் இருக்கலாம். நோயின் பெயரை எப்படியும் கண்டுபிடித்துவிடலாம், ஆனால் எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் சோதனை பிழைத்துப் போகக்கூடும். யோகன் கேட்டுக்கொண்டே நின்றார். "அப்ப நான் அக்காவைச் சாகடிச்சுப்போட்டனோ?" என்று கேட்டார். டொக்டர் அவருடைய முழங்கையைப் பிடித்து சுவரோரத்து மர வாங்கில் உட்கார வைத்தார். நான் மார்பை உடனே எடுத்துப்போய்த் துண்டு துண்டாகப் பிளந்து புதுப் போமலினில் போட்டேன். ஏசியதற்கு வெட்கமாக இருந்தது என்று சொல்லமாட்டேன், ஏசவேண்டிய இடம்தான். ஆனால் அந்தக் கேள்வி நெஞ்சில் குத்திக்கொண்டே நின்றது.

முடிவு வரும்வரை அந்த மனிதர் வந்துகொண்டேயிருந்தார். வரவேண்டிய தேவையே இல்லை. மீன் விற்று முடித்துவிட்டு பஸ் ஏறி வந்து வாங்கில் இருப்பார். எங்களுக்குப் பொதுவாக ஆட்களைத் தெரியாது, இலக்கங்களைத்தான் தெரியும். செல்வராணியை மட்டும் நான் பார்ப்பதற்கு முன்னமே அறிந்துகொண்டது யோகனின் வாயால்தான். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலை அவரோடு பகிர்ந்துகொண்டபோது சொன்னார்.

அக்காவுக்கு ஒரே மகன். போரின் கடைசி இடப்பெயர்வின்போது அவனைக் கஞ்சிக்கு வரிசையில் போய் நில் என்று அனுப்பியவர் அக்காதான். வரிசையில் செல்குண்டு விழுந்தது. மகன் திரும்பவில்லை. "நான் அனுப்பினனான், நான் அனுப்பினனான் எண்டு சொல்லிச் சொல்லி அவா சாப்பாட்டையே விட்டிட்டா மிஸ். முகாமுக்கு வந்த பிறகும் வாயைத் திறக்கேல்லை. ஒவ்வொரு கவளமா நான் தீத்தித்தான் எழுப்பினனான். ஒரு விசயம் தன்ர பிழையெண்டு நினைச்சால், அவா தன்னை விட்டிடுவா." அதைச் சொல்லிவிட்டு அவர் சோற்றை மூடி வைத்தார்.

சாயச் சோதனை நடந்தது. டொக்டர் நுணுக்குக்காட்டியில் குனிந்தார். வழக்கம்போல, "நல்ல இடம் எங்க?" என்றார். காட்டினேன். நெடுநேரம் அசையாமல் இருந்தார். பால்குழாய் வெளுத்துக் கிடந்தது. ஒரு கருவில்கூட மண்ணிறம் இல்லை. கட்டியிலும் இல்லை. பக்கத்துச் சிலைட்டில் வேறொருவரின் சதை அதே சாயத்தில் அழகாக நிறம் பிடித்திருந்தது. சாயத்தில் பிழை இல்லை. பிழை சதையில்.

அந்த நேரம் பார்த்து கிளினிக்கிலிருந்து தொலைபேசி. புற்றுநோய் டொக்டருக்கு முடிவு அவசரமாக வேண்டும், மற்றச் சிகிச்சையைத் திட்டமிட வேண்டும். "நெகடிவ்தானே, அப்பிடியே எழுதி விடுங்கோவன்" என்று அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. அவர்களுடைய நெருக்கடி அவர்களுக்கு. டொக்டர் மதுரா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நல்ல குழாயே வாய் திறக்கேல்லை டொக்டர். வாய் திறக்காத சதையை வைச்சு நான் எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது? இல்லையெண்டு எழுதினால் அந்த மனிசிக்குக் குளிசை கிடையாது. எனக்குக் கொஞ்ச நாள் தாங்கோ."

தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே நினைவு வந்தது. சத்திரசிகிச்சைக்கு முன்னர் செல்வராணிக்கு ஊசியால் எடுத்த சதை. அது எங்கள் வைத்தியசாலையிலேயே எடுத்தது. எடுத்த உடனே போமலினில் விழுந்தது. வாங்கிச் சோதனையை அந்த நாட்களில் வெட்டியெடுத்த கட்டியில்தான் செய்வோம், ஊசியில் வரும் நூல்போன்ற சதையில் செய்வதில்லை. அதனால் அந்த மெழுகுக் கட்டி மேசை லாச்சிக்குள் கிடந்தது.

கிடந்ததுதான், ஆனால் எவ்வளவு கிடந்தது? எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். புற்றுநோய்தானா என்று உறுதிசெய்யவே பெரும்பகுதியைச் சீவித் தீர்த்திருந்தோம். மெழுகுக்குள் ஒரு வெளிறிய கீற்று மட்டும் மிஞ்சியிருந்தது, நகக்கண் அழுக்கு அளவு. பழைய சிலைட்டை வைத்துப் பார்த்ததில் நூலின் ஒரு முனையில் நல்ல குழாய் ஒன்று இருந்தது தெரிந்தது. அது இன்னும் மிஞ்சியிருக்கிறதா என்று சீவினால்தான் தெரியும்.

"உங்களால ஏலும் அக்கா" என்றார் டொக்டர். ஏலாது என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

இதைப் புதுப் பிள்ளைகள் கவனமாக வாசிக்க வேண்டும். ஒருமுறை கழற்றிய மெழுகுக் கட்டியைத் திரும்ப மைக்ரோடோமில் பூட்டினால் அது பழைய கோணத்தில் உட்காராது. மயிரிழை சரிந்தாலும் கத்தி ஒரு பக்கத்தைத்தான் முதலில் தொடும். மறுபக்கத்துக்கு வருவதற்குள் இருக்கிற சதை வீணாகிவிடும். பெரிய துண்டென்றால் கவலையில்லை. இதில் வீணாக்க ஒன்றுமே இல்லை.

காலையிலேயே தொடங்கினேன். மின்விசிறியை நிறுத்தினேன். புதுக் கத்தி போட்டேன். மெழுகை இறுக்க, கட்டியை ஐஸ் தட்டில் முகம் குப்புற வைத்தேன். கதவுக் கண்ணாடிக்கு வெளியே யோகன் நிற்பதை அப்போதுதான் கண்டேன். கதவைக் கொஞ்சம் திறந்தார்.

"நீங்களும் ஐஸ்தானே வைக்கிறியள் மிஸ்?"

அவர் குரலில் குற்றம் சாட்டல் இல்லை, ஏக்கம்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மெழுகுக்கு வைக்கலாம் அண்ணை. சாத்துங்கோ கதவை, காத்து வருது" என்றேன். சிரித்தது நல்லதாகப் போயிற்று.

கட்டியைப் பூட்டி, கத்தியின் விளிம்புக்கும் மெழுகின் முகத்துக்கும் நடுவில் தெரிந்த வெளிச்சக் கோட்டைப் பார்த்தேன். ஒரு முனையில் கோடு தடித்திருந்தது. திருகாணியைத் தொட்டும் தொடாமலும் திருப்பினேன். திரும்பப் பார்த்தேன். திரும்பத் திருப்பினேன். கோடு எல்லா இடமும் ஒன்றாய் மெலிந்த பிறகு, கத்தி தொடும்வரை இயந்திரத்தைச் சுற்றும் சில்லைக் கையால் தவழவிட்டேன். முதல் சீவல் வந்தது. மூச்சை வெளியே விட்டால் பறந்துவிடும். முழு முகமும் ஒரே சீவலில் வந்திருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று, ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. பிறகு வெறும் மெழுகு. சதை முடிந்துவிட்டது. அந்தச் சின்ன நாடாவைத் தூரிகையால் தூக்கி இளஞ்சூட்டுத் தண்ணீரில் விட்டேன். சுருக்கம் எல்லாம் நீங்கி விரிந்தது. கண்ணாடித் தட்டைக் கீழாகக் கொடுத்து ஏந்தினேன். என் வேலைக் காலம் முழுவதிலும் நான் அவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்த வேறொரு காலை இல்லை.

சாயம் போட்டு முடித்து டொக்டரின் மேசையில் வைத்துவிட்டு யன்னலோரம் போய் நின்றேன். பார்க்கப் பயம். அவர் குனிந்தார். நல்ல இடம் எங்கே என்று என்னைக் கேட்கவில்லை, தானே தேடினார். பிறகு, "அக்கா, இஞ்ச வந்து பாருங்கோ" என்றார்.

சிலைட்டின் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம். அந்தப் பால்குழாய் தப்பியிருந்தது. அதன் கருக்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மண்ணிறம். அவர் சிலைட்டை மெல்ல நகர்த்தினார். கட்டி வந்தது. அங்கே நிறம் பிடிக்காத கரு ஒன்றுகூட இல்லை, பார்த்த இடமெல்லாம் பனங்கட்டி நிறம்.

நான் அழுதேன். எத்தனையோ ஆயிரம் சிலைட் பார்த்தவள், சின்னப் பிள்ளைபோல மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். டொக்டர், "நல்லது" என்றார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

யோகனுக்குச் சொல்ல நான்தான் வெளியே போனேன். "குளிசை கிடைக்கும் அண்ணை" என்றேன். அவர் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நெடுநேரம் நின்றார்.

செல்வராணியை நான் முதன்முதலாகப் பார்த்தது கிளினிக்கில். டொக்டர் மதுரா தானே போய் அவருக்கு விளங்கப்படுத்த விரும்பினார், என்னையும் கூட்டிப்போனார். மெலிந்த, நிமிர்ந்த மனுஷி. முதல் கேள்வியே நான் முன்பு கேட்டதுதான். "எனக்கு எல்லாம் நிண்டு எத்தினை வருசம் பிள்ளை. இனி என்ர உடம்பில என்ன ஹோர்மோன்?"

டொக்டர், சூலகம் நிறுத்தினாலும் மார்பின் கொழுப்பு அந்த இடத்திலேயே செய்துகொள்ளும் என்று விளக்கினார். நொதியம், சுரப்பி என்று நீண்டது. நான் உள்ளுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன். செல்வராணி யோசித்துக்கொண்டிருந்துவிட்டு, "முகாமில பொதுச் சமையலை நிப்பாட்டின பிறகும் கூடாரத்துக்கு ஒரு அடுப்பு எரிஞ்சதுதானே, அது மாதிரியோ?" என்று கேட்டார்.

டொக்டர் உடனே தலையாட்டினார். "ஓம் அம்மா. அதேதான்."

"விறகு?"

"விறகு வேற இடத்தில இருந்து வரும். குளிசை அந்த அடுப்பைத்தான் அணைக்கும்."

"அப்ப சரி" என்றார் செல்வராணி. அதற்குப் பிறகு டொக்டர் மதுரா வேறு பெண்களுக்கும் இதே அடுப்பைத்தான் சொன்னார். முகாம் பார்த்த சனத்துக்கு ஒரு சொல்லில் விளங்கியது.

சதை வந்து சேர்ந்த விதத்தையும் டொக்டர் அன்றைக்கே மறைக்காமல் சொன்னார். தண்ணீர் ஊற்றப்பட்டதால் முதல் சோதனை பிழைத்தது, பழைய சதையில் செய்து சரிவந்தது என்று. தானே ஊற்றியதாகச் சொல்லித் தம்பி வாசலில் என்னிடம் ஏச்சு வாங்கியதையும் சொன்னார். செல்வராணி கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் நின்ற யோகன் நிலத்தைப் பார்த்தார்.

குளிசை ஒன்றும் மிட்டாய் இல்லை. அவருக்கு முழங்காலும் விரல் மூட்டுகளும் பிடித்துக்கொண்டன. காலையில் எழுந்தால் கை மடங்காது. கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் ஆய்வுகூட யன்னலுக்கு வந்து எனக்கு முறைப்பாடு சொல்வார். "விட்டிடலாம் எண்டு கிடக்கு மிஸ். ஆனால் இவன் யோகன் ஒவ்வொரு நாளும் விடியக்காலமை ஃபோன் எடுத்து, குளிசை போட்டியோ, போட்டியோ எண்டு உயிரை வாங்குறான்." டொக்டர்கள் நோவுக்கு மருந்து கொடுத்தார்கள், நடக்கச் சொன்னார்கள். அவர் கடற்கரையில் நடந்தார். கருவாடு காயப்போட்டார். வருடங்கள் போயின. எங்கள் ஆய்வுகூடத்துக்குச் சாயம் போட இயந்திரம் வந்தது. என்னைவிடச் சீராகப் போடும், வாய் காட்டாது. அது வந்தது எனக்குச் சந்தோஷம்தான். ஊசியில் எடுத்த நூலிலேயே வாங்கிச் சோதனையைச் செய்துவிடும் வழக்கமும் வந்தது. அதற்கு டொக்டர் மதுராதான் மல்லுக்கட்டினார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னர் ஒரு காலை, செல்வராணி யன்னலில் வந்து நின்றார். முகம் பூத்திருந்தது. குளிசையை நிறுத்தலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். நோய் எங்கும் இல்லை. நான் வெளியே வந்து அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டேன். யோகன் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தார்.

"உங்கட தம்பிக்குத்தான் கோயில் கட்டவேணும்" என்றேன். "அண்டைக்கு நான் ஏசின ஏச்சுக்கு வேற ஆரும் எண்டால் இந்தப் பக்கம் திரும்பியும் பாத்திருக்கமாட்டினம்."

செல்வராணி கையை விடுவித்துக்கொண்டு வாங்கில் இருந்தார்.

"மிஸ், அவனை நீங்கள் ஏசியிருக்கக்கூடாது. ஊத்தச் சொன்னது நான்."

எனக்கு விளங்கவில்லை.

"ஒப்பரேசன் முடிஞ்சு வாட்டில கிடக்கிறன். பஸ்ஸுக்குப் போக முதல் இவன் போத்தலோட என்னைப் பாக்க வந்தவன். அந்த நாத்தம் எனக்கு அடிச்சது. மீனுக்கு அடிக்கிற மருந்துக்குள்ளயோ என்னைப் போட்டுக் கொண்டுபோறாய், ஊத்திப்போட்டு ஐஸில வையெண்டு நான்தான் பிடிவாதம் பிடிச்சனான். டொக்டர்மார் தந்ததை ஊத்தமாட்டன் எண்டு அவன் அழுதவன். ஊத்தாட்டி என்ர முகத்தில முழியாதையெண்டு சொல்லிப்போட்டன். மயக்கத்தில பிசத்தினது, எனக்கு ஞாபகம் இருக்காதெண்டு அவன் நினைச்சுக்கொண்டிருக்கிறான்."

"தெரிஞ்சும் இவ்வளவு காலம் சொல்லாமல் இருந்தனீங்களோ?"

அவர் பதில் சொல்வதற்குள் யோகன் வந்துவிட்டார். கையில் தட்டு, தட்டில் மூன்று தேத்தண்ணி. அவர் கேட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. தட்டை வாங்கின் ஓரத்தில் வைத்தார்.

"உனக்கு ஞாபகம் இருந்ததோ அக்கா?"

"எல்லாம் இருந்தது. நீ ஏன்ரா பழியைத் தலையில போட்டனி?"

யோகன் என்னைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை.

"உன்ர பிழையெண்டு தெரிஞ்சால் நீ குளிசை போடமாட்டாய். தம்பியின்ர விசயத்தில எப்பிடிக் கிடந்தனி? இன்னொருக்காத் தீத்தி எழுப்ப எனக்குப் பெலன் இல்லை."

மகனைத்தான் அவர் தம்பி என்று சொன்னார். செல்வராணி அவர் பக்கம் திரும்பினார்.

"அதாலதான்ரா குளிசையைப் போட்டனான்" என்றார். "நீ எனக்காண்டி ஏச்சு வாங்கிக்கொண்டு வாசல்ல நிண்டனி. ஒவ்வொரு நாளும் காலமை குளிசையைக் கையில எடுக்கேக்க அதைத்தான் நினைச்சனான். போடாமல் எப்பிடி இருக்கிறது?"

யோகன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார். செல்வராணி தேத்தண்ணியை எடுத்து முதலில் எனக்கு நீட்டினார், பிறகு தம்பிக்கு.

"முடிஞ்சுது. குடி, ஆறப்போகுது" என்றார்.

மூன்று பேரும் குடித்தோம். சீனி அளவுக்கு மிஞ்சிக் கிடந்தது. ஒருவரும் சொல்லவில்லை.